கழிமுகம் எவ்வளவு தாங்கும்?

ஒரு டன் வனாமி இறாலை அறுவடை செய்ய ஏறக்குறைய ஒன்றரை டன் தீவனம் செலவாகிறது. அந்தத் தீவனத்தில் சுமார் 35 சதவீதம் புரதம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக, ஒரு டன் இறாலுக்காகக் குட்டைக்குள் போகும் நைட்ரஜன் 80 கிலோவைத் தாண்டுகிறது. அதில் இறாலின் உடம்பில் சேர்ந்து லாரி ஏறுவது 30 கிலோ அளவுதான். மீதி 50 கிலோ ஊரிலேயே தங்கிவிடுகிறது. சாப்பிடாத தீவனமாக, கழிவாக, உரித்த தோடாக, செத்த பாசியாக. ஒரு பகுதி காற்றில் கலக்கும், ஒரு பகுதி அடிச்சேற்றில் படியும், இன்னொரு பகுதி தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகும். நன்றாக நடக்கும் பண்ணையில் ஒரு பட்டத்துக்கு ஹெக்டேருக்கு 10 டன் இறால் எடுக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு ஹெக்டேரில் ஒரே பட்டத்தில் 500 கிலோ நைட்ரஜன் மிஞ்சுகிறது. பக்கத்து வயலில் நெல்லுக்கு வேளாண் துறை பரிந்துரைக்கும் நைட்ரஜன் ஹெக்டேருக்கு 150 கிலோ.

வெப்பமண்டலக் கடற்கரைகளில் மீன், இறால் வளர்ப்பு சுற்றுச்சூழலை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இது போன்ற கணக்குகள் நாற்பது ஆண்டுகளாகப் போடப்பட்டு வருகின்றன. ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஆனால் எதை அளக்கிறோம், எந்த நேரத்தில் அளக்கிறோம், எந்த எல்லைக்குள் அளக்கிறோம் என்பதில்தான் பெரும் கோளாறு இருக்கிறது. ஒவ்வொரு குட்டையையும் தனித்தனியே பார்த்து அனுமதி கொடுக்கும் முறை நம்முடையது. பாதிப்பு குட்டையில் நிற்பதில்லை. நூறு குட்டைகளின் தண்ணீரும் ஒரே வடிகாலில் இறங்கி ஒரே கழிமுகத்தில் சேருகிறது. அந்தக் கழிமுகம் எவ்வளவு தாங்கும் என்று கேட்காத எந்த மதிப்பீடும் அரைகுறையே.

இந்தக் கேள்வியை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது தமிழ்நாட்டின் கடற்கரைதான். 1990-களின் தொடக்கத்தில் அன்றைய நாகை மாவட்டக் கடலோரத்தில் நிறுவனங்கள் விளைநிலங்களை வாங்கிக் குவித்து இறால் குட்டைகளை வெட்டின. குடிநீர் உப்பானது, கூலி வேலை போனது, மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் லாப்டி இயக்கத்தின் வழியே கிராம மக்களைத் திரட்டிப் போராடினார்கள். 1994-இல் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழி வளர்ப்பு தவிர்த்த பண்ணைகள் இருக்கக் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் குட்டையாக்கக் கூடாது. பழவேற்காடு, சிலிகா ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். இவை அந்தத் தீர்ப்பின் முக்கியமான கட்டளைகள்.

அந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் செய்த காரியம். இறால் ஏற்றுமதியால் வந்த வருவாயை ஒரு பக்கமும், கெட்டுப்போன நிலம், நீர், பறிபோன பிழைப்பு ஆகியவற்றின் மதிப்பை மறுபக்கமும் வைத்து அது கணக்குப் பார்த்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சேதம் வருவாயை மிஞ்சியது. அந்தக் கணக்கில் குறை சொல்ல இடமுண்டு. இறால் துறையினர் சொன்னார்கள். ஆனாலும் ஒரு தொழிலின் வரவையும் ஊரின் இழப்பையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த அந்த முறை அதன்பின் எந்த மாவட்டத்திலும் வழக்கமாக வேரூன்றவில்லை. அதுதான் வருத்தம்.

தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் தடைகள் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று 1991 முதல் முன்தேதியிட்டே அது அறிவித்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தனியே வைத்துக்கொண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆணையம் அமைந்தது. 2023 திருத்தம் குஞ்சுப் பொரிப்பகம், கூண்டு வளர்ப்பு, கடற்பாசி வளர்ப்பு ஆகியவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது.

உலக அளவில் இந்தத் தொழில்மீது சுமத்தப்படும் முதல் குற்றச்சாட்டு அலையாத்திக் காடுகளின் அழிவு. 2001-இல் இவான் வலியேலா குழுவினர் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கணக்குக் கிடைத்த நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் மட்டும் அலையாத்திப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த இழப்பில் பாதிக்கு மீன், இறால் வளர்ப்பே காரணம். வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் அருகே சகோரியா சுந்தரவனம் என்றொரு காடு இருந்தது. பன்னாட்டு வங்கிகளின் கடனுதவியோடு அது இறால் குட்டைகளானது. இன்று அந்தக் காடு பெயரளவில்தான் இருக்கிறது. 1991 ஏப்ரல் புயல் அந்தக் கரையைத் தாக்கியபோது தடுத்து நிற்க மரங்கள் இல்லை. ஆனால் தென்கிழக்காசியாவில் 2000-க்கும் 2012-க்கும் இடையே அழிந்த அலையாத்திப் பரப்பில் குட்டைகளின் பங்கு சுமார் 30 சதவீதமாகக் குறைந்தது. மியான்மரில் நெல்லும், இந்தோனேசியா, மலேசியாவில் எண்ணெய்ப் பனையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

தமிழ்நாட்டுக்கு இந்தக் குற்றச்சாட்டை அப்படியே தூக்கிவந்து பொருத்துவது சரியல்ல. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் மெலிந்ததற்கு ஆங்கிலேயர் காலத்தில் காட்டை மொட்டையாக வெட்டியதும், ஆற்று நன்னீர் வரத்து குறைந்து சதுப்பில் உப்பு ஏறியதும் பெரிய காரணங்கள். இங்கே குட்டைகள் பெரும்பாலும் வந்தது வயலிலும் தரிசிலும் உப்பளத்திலும் புறம்போக்கிலும். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி முதலில் மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றியது.

ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு ஹெக்டேர் குட்டை என்றால் அதில் 1.5 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கிறது. லிட்டருக்கு 15 கிராம் உப்பு என்று வைத்தாலும் (கடலில் 35 கிராம்) மொத்தம் 225 டன் உப்பு. நான்கு மாதம் அது நிலத்தின்மேல் நின்று அழுத்துகிறது. களிமண் பாங்கான இடத்தில் கசிவு குறைவு. காவிரிப் படுகையின் கடலோரத்திலோ களிமண்ணுக்கு இடையே மணல் திட்டுகள் ஓடுகின்றன. உப்பு அந்த வழியே நடக்கிறது. மண்ணின் ஈரத்தில் கடல்நீர் உப்பில் பதினைந்தில் ஒரு பங்கு ஏறினாலே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். சோடியம் ஏறிய களிமண் குழைந்து இறுகிவிடுவதால் பெய்யும் மழையும் கீழே இறங்காமல் தேங்குகிறது. ஜிப்சம் போட்டு நன்னீர் விட்டு அலசினால் மண்ணை மீட்கலாம். ஆனால் கடைமடைக்கு அந்த நன்னீர் எங்கிருந்து வரும்? மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக வந்து, முதலில் நிற்கும் ஊர்கள் அவை.

இதில் ஒரு சங்கிலித்தொடர் உண்டு. ஒருவர் குட்டை வெட்டினால் வரப்பைத் தாண்டியுள்ள வயல் இரண்டு மூன்று பட்டத்தில் நொடிக்கிறது. அந்த வயல்காரர் நிலத்தை விற்கிறார், அல்லது குத்தகைக்கு விடுகிறார், அல்லது தானும் குட்டை வெட்டுகிறார். அடுத்த ஆண்டு அதற்கடுத்த வயல். பத்தாண்டு கழித்து வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அங்கே பாதிக்கப்பட்ட வயல் எதுவும் தெரியாது. எல்லாம் குட்டையாகவே இருக்கும். அன்றைக்குக் கணக்கெடுத்தால் வேளாண்மைக்குச் சேதம் இல்லை என்றுதான் வரும். இதனால்தான், தொடங்கும் முன் எடுத்த மண், கிணற்று நீர் அளவுகள் இல்லாமல் பின்னால் செய்யப்படும் ஆய்வுகளை நான் அதிகம் நம்புவதில்லை.

தாய்லாந்து 1998-இல் இந்த ஆபத்தை உணர்ந்து, மத்தியச் சமவெளியின் நெல் விளையும் மாவட்டங்களில் உப்புநீரை லாரியில் கொண்டுவந்து இறால் வளர்ப்பதைத் தடை செய்தது. தைவான் வேறொரு வழியில் பாடம் படித்தது. அங்கே தென்கோடிப் பிங்டுங் பகுதியில் கடல்நீரின் உப்பைக் குறைக்க ஆழ்துளைக் கிணற்று நீரை உறிஞ்சிக் கலந்தார்கள். லின்பியன், ஜியாடோங் ஊர்களில் தரை இரண்டு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. தாழ்ந்த நிலம் திரும்ப எழும்பாது. 2009-இல் மொராகோட் புயலின் வெள்ளமும் சேறும் அந்த ஊர்களில்தான் புகுந்து நின்றன.

தண்ணீரின் தரத்தை அளப்பதில் நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாசி மண்டிய வாய்க்காலில் முற்பகல் பதினொரு மணிக்கு மாதிரி எடுத்தால் கரைந்த ஆக்சிஜன் நிரம்பி வழியும். வெயிலில் பாசி அதை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. அதே இடத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்தால் மீன் மூச்சுத் திணறும் அளவுக்கு அது இறங்கியிருக்கும். இரவெல்லாம் பாசியும் சேறும் அதைத் தின்று தீர்த்திருக்கும். பண்ணையில் வேலை செய்பவருக்கு இது நன்றாகத் தெரியும். பின்னிரவில்தான் ஏரேட்டர் ஒன்றுகூட நிற்காமல் பார்த்துக்கொள்வார். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை நோக்கி ஓடுவார். மாதிரி எடுக்க அலுவலக நேரத்தில் வந்து போகும் ஜீப்புக்கு அந்த விடியற்காலை தெரிவதில்லை.

அறுவடை நாளும் அப்படித்தான். குட்டையை வடிக்கும்போது மேல்தண்ணீர் ஓரளவு தெளிவாகவே போகும். கடைசியாக மிஞ்சும் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரில்தான் கழிவு கெட்டியாகத் திரண்டிருக்கிறது. இறாலை அள்ளி ஐஸில் போட்டு அனுப்பிய பிறகு, மதகை முழுதாகத் தூக்கிவிடுவார்கள். கறுத்த சேற்றுக் குழம்பு அழுகிய முட்டை நாற்றத்தோடு வாய்க்காலில் இறங்கும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு; காற்றில்லாத சேற்றில் விளைவது, மீன் குஞ்சுக்கு விஷம். அந்த ஒரு மணி நேரத்தின் மாதிரியை எடுக்காமல், பட்டத்தின் நடுவில் எடுத்த மாதிரியைக் காட்டி அளவு சரியாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. இன்னொன்று, விதிகள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று செறிவை வரையறுக்கின்றன. மொத்தச் சுமையை அல்ல. அதிகத் தண்ணீர் சேர்த்து நீர்த்துப்போகச் செய்து அனுப்பினால் விதியும் நிறைவேறும், அத்தனை கழிவும் கழிமுகத்துக்குப் போய்ச் சேரும்.

இந்தச் சுமை பண்ணைக்காரரையே திருப்பி அடிக்கிறது என்பதற்கு நோய்களின் வரலாறு சாட்சி. 1987-இல் உலகின் முன்னணியில் இருந்த தைவானின் வரி இறால் உற்பத்தி மறு ஆண்டே பாதிக்கும் கீழே விழுந்தது. 1994 கடைசியில் வெள்ளைப்புள்ளி நோய் இந்தியக் கிழக்குக் கரையில் புகுந்து பண்ணைகளை வரிசையாகக் காலி செய்தது. இலங்கையின் புத்தளம், சிலாபம் பகுதியில் நடந்தது எல்லோரும் படிக்க வேண்டியது. அங்கே பண்ணைகள் தண்ணீர் எடுப்பதும் கழிவை விடுவதும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயிலும் அதை ஒட்டிய முந்தல் களப்பிலும்தான். ஒருவர் விட்ட தண்ணீரை அடுத்தவர் ஏற்றினார். 1996-இல் வெள்ளைப்புள்ளி வந்ததும் நோயும் அதே வழியில் பயணம் செய்தது. அதன்பின் கைவிடப்பட்ட குட்டைகள் அந்தக் கரை நெடுகக் கிடக்கின்றன. பிறகு அவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்து, யார் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று பட்ட அட்டவணை போட்டார்கள். ஒரு நீர்நிலையைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோரும் ஒரே அலகு என்று ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது.

நோய்க்குப் பயந்துதான் இந்தியா 2009-இல் லத்தீன் அமெரிக்கப் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலுக்கு வாசலைத் திறந்தது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்ற தாய் இறால்களை மட்டும் இறக்குமதி செய்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பார்த்து அனுப்பும் ஏற்பாடு உருவானது. நல்ல ஏற்பாடுதான். வெளிநாட்டு உயிரினம் என்றாலே பரவிவிடும் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளின்மேல், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் பயன்பாட்டைப் பொறுத்தவரை இறக்குமதி நாடுகள் பெட்டியைத் திருப்பி அனுப்பியதுதான் நம் சட்டங்களைவிட அதிகம் திருத்தியது. ஆனால் அவர்கள் இறாலைத்தான் சோதிக்கிறார்கள். நம் வாய்க்காலை அல்ல.

தீவனத்தின் மறுமுனை கடலில் இருக்கிறது. விசைப்படகுகளின் மடியில் ஏறும் சங்காயம், அதாவது விலை போகாத பொடிமீனும் மீன் குஞ்சும், மீன்தூள் ஆலைக்குப் போகிறது. நாளைய பெரிய மீன் அதில் இருக்கிறது. இப்போது சோயா புண்ணாக்கு பாதி இடத்தைப் பிடித்துவிட்டதால் இறால் தீவனத்தில் மீன்தூள் குறைந்திருப்பது உண்மை. கூண்டில் வளரும் கடல்விரால் போன்ற ஊனுண்ணி மீன்களுக்கு அந்த ஆறுதலும் அவ்வளவாக இல்லை. பல இடங்களில் பொடிமீனை நேரடியாகவே வெட்டிப் போடுகிறார்கள்.

கூண்டு வளர்ப்புக்கு மானியம் கொடுத்து ஊக்கும் இந்த நேரத்தில் பிலிப்பைன்ஸின் பொலினாவோ நாம் மனதில் வைத்திருக்க வேண்டிய ஊர். லுசோன் தீவின் அந்தச் சிறு வளைகுடாவில் பால்மீனைக் கூண்டிலும் அடைப்பிலும் வளர்த்தார்கள். 544 அடைப்புகளுக்குமேல் கூடாது என்று நகராட்சி வரம்பு வைத்திருந்தது. எண்ணிக்கை அதைப்போல இரு மடங்கானது. 2002 தொடக்கத்தில் நுண்பாசி பெருகி நீர் நிறம் மாறியது. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கூண்டும் ஒழுங்காகவே நடந்திருக்கும். அந்த வளைகுடாவில் நீர் மாறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது, அதற்குள் எவ்வளவு கழிவு சேருகிறது என்பதுதான் மீன்களைக் கொன்றது.

நம் விதிகளோடு இதை வைத்துப் பாருங்கள். 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பண்ணைக்குத்தான் முழுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை. இங்குள்ள பண்ணைகளில் பெரும்பாலானவை 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை. ஒரே உப்பனாற்றுக் கரையில் ஒரு ஹெக்டேர் பண்ணைகள் நாற்பது இருந்தால், முதலில் போட்ட கணக்குப்படி ஒரு பட்டத்துக்கு 20 டன் நைட்ரஜன் மிஞ்சும். அதில் நான்கில் ஒரு பங்கு வாய்க்காலுக்கு வந்தாலும் 5 டன். ஒரே முதலாளியின் 40 ஹெக்டேராக இருந்தால் மதிப்பீடு வேண்டும். நாற்பது பேருடையதாக இருந்தால் வேண்டாம் என்பதை ஆறு எப்படிப் புரிந்துகொள்ளும்? கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும் காலத்தில் அந்தத் தண்ணீருக்குக் கடலே கிடையாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, இந்தத் தொழிலை ஒழித்துவிடலாம் என்று என்னால் சொல்ல முடியாது. 2022-23-இல் இந்தியா 7 லட்சம் டன் உறைந்த இறாலை ஏற்றுமதி செய்து 43 ஆயிரம் கோடி ரூபாய் ஈட்டியது. பெரும்பகுதி ஆந்திரத்துடையது என்றாலும், தமிழ்நாட்டிலும் சொந்த நிலத்தில் நகையை அடகு வைத்துக் குஞ்சு விடும் சிறு பண்ணைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த ஆற்றுநீரை ஏற்றி நட்டப்படுவதும் அவர்களே. கழிமுகம் கெட்டால் மீனவருக்கு அடுத்து முதலில் விழுபவர் இறால் பண்ணைக்காரர். அவர் இந்த மதிப்பீட்டுக்கு எதிரி அல்ல.

வேறு வழிகளும் கண்முன் இருக்கின்றன. கேரளத்தில் கொச்சியை ஒட்டிய பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் நெல் விளைகிறது. அறுப்பு முடிந்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை அலையோடு வரும் இறால் அதே வயலில் நெல் தாளைத் தின்று வளர்கிறது. தீவனச் சுமை இல்லை, விளைச்சலும் குறைவு. அந்த நிலத்துக்கும் அந்த மழைக்கும் பொருந்தியது அது. நாகப்பட்டினத்தில் அப்படியே நகலெடுக்க முடியாது. இங்கே செய்யக்கூடியது, தண்ணீர் மாற்றாமல் பட்டத்தை முடிப்பதும், அறுவடையின் கடைசித் தண்ணீரை வாய்க்காலுக்கு விடாமல் படிவுக் குட்டையில் தேக்கி, மீனும் மட்டியும் பாசியும் விட்டு அடுத்த பட்டத்துக்கு அதையே எடுப்பதும். சிறு பண்ணைக்காரர் தனியே படிவுக் குட்டைக்கு நிலம் ஒதுக்க முடியாது. ஒரு வாய்க்காலைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து ஒதுக்க முடியும். அதற்குத்தான் மானியம் போக வேண்டும்.

அனுமதி கொடுக்கும் முறையும் இதையொட்டி மாற வேண்டும். வெள்ளாறு, உப்பனாறு, முத்துப்பேட்டைக் களப்பு என ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதன் கொள்ளளவையும் நீர் மாறும் வேகத்தையும் வைத்து ஆண்டுக்கு இத்தனை டன் நைட்ரஜன் என்று உச்சவரம்பு வைத்து, அதற்குள் பண்ணைகளும் ஊர்க் கழிவும் ஆலையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அளவீடு முகத்துவாரம் அடைபட்ட மே மாதத்திலும், விடியுமுன்னும், மதகு திறக்கும் நாளிலும் நடக்க வேண்டும். பண்ணையைச் சுற்றிய கிணறுகளின் உப்பளவை முதல் குஞ்சு விடுவதற்கு முன்பே எடுத்து ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் அதன் கீழேயே புது அளவை எழுதலாம். பண்ணை கைவிடப்படும் நாளுக்கான பணத்தையும் உரிமம் தரும்போதே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும். கரையை உடைத்து அலைநீரை உள்ளே விட்டாலே சதுப்பு நிலத்துக் குட்டையில் அலையாத்தி தானாக முளைக்கும். வயலாக இருந்த குட்டைக்கு ஜிப்சமும் நன்னீரும் பல ஆண்டு உழைப்பும் வேண்டும். இன்று அந்தச் செலவு, குட்டை வெட்டாதவர்களின் தலையில் விழுகிறது.